நல்ல நேரத்தில் தொடங்கிய கூட்டம்

திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போகிற சாலையில், மக்காச்சோளம் விளைந்த நிலத்தை வாங்கிக் கட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் நான் மின்னஞ்சல் ஓட்டினேன். பஸ் ஓட்டுகிற மாதிரிதான் அதுவும். ஓடுகிற வரைக்கும் டிரைவர் ஒருத்தர் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. நின்றால் திரும்பிப் பார்ப்பார்கள், திட்டுவதற்கு.

தொண்ணூறுகளின் நடுவில் சேர்ந்தேன். சிஸ்டம் ஆபரேட்டர் என்று பெயர். தற்காலிக வேலை. வருஷா வருஷம் ஆர்டர் போட்டு நீட்டிப்பார்கள். நீட்டிக்கும் முன்னால் சில நாள் வேலையை விட்டு நிறுத்தி வைப்பார்கள், தொடர்ந்து வேலை பார்த்ததாக நான் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது என்று. அந்த நாட்களிலும் கூப்பிட்டு விடுவார்கள், மெயில் வரவில்லை என்று. போவேன். கையெழுத்துப் போடாமல் வேலை பார்த்துவிட்டு வருவேன். நிரந்தரம் ஆகிவிட்டால் இந்தப் பிழைப்பு இருக்காது என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊர் அகரத்தில் வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா முதலில் கேட்பதும் அதுதான். சாப்டியா என்று கேட்பதற்கு முன்னால், "பெர்மனென்டு பத்தி எதுவும் சொன்னாகளா?" என்பார்.

ஆரம்பத்தில் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் மெயில். டெலிபோன் லைன் வழியாகக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மதுரைக்கு இணைத்து, வந்ததை இறக்கி, போக வேண்டியதை ஏற்றுவேன். ஆடி மாசத்துக் காற்றில் லைன் அறுந்துவிடும். கரண்ட் போகும். பேட்டரி தாங்காது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. இயந்திரம் கெட்டுப் போகும், சரி பண்ணலாம். நான் சொல்ல வந்தது ஆட்களைப் பற்றி.

மெயில் வந்தவுடன் அதை அச்சடிக்க வேண்டும். அச்சடித்த தாளைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே முத்திரை குத்தி, வரவு எண் போட்டு, தபால் கோப்புக்குள் வைப்பார்கள். பதிவாளர் அந்தக் கோப்பைப் பார்த்து ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்து வைத்த பிறகுதான் அது சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். பதில் எழுதுகிறவர் பேப்பரில் எழுதி, டைப் அடித்து, மேலே அனுப்பி, கையெழுத்து வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவார். நான் அதைப் பார்த்து மறுபடி டைப் அடித்து அனுப்புவேன். அமெரிக்காவிலிருந்து ஒரு நொடியில் வந்த கடிதம் எங்கள் கட்டடத்தில் மாடி ஏறி இறங்க ஒரு வாரம் ஆகும். ஒரு வாத்தியார் தன் மெயிலை என்னிடமே நேராக வாங்கிப் படித்துவிட்டார் என்று எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் மூலவர் பதிவாளர் அலுவலகத்துக் கண்காணிப்பாளர். சூப்பிரண்டு என்போம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அட்டெண்டரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். என்னை அம்மணி என்பார். அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதர் அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போட முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நல்ல லைன் வந்தது, பெரிய சர்வர் வந்தது. எனக்கு உதவிக்கு ஒருவன் வந்தான், அவனும் தற்காலிகம். நிலக்கோட்டைக்காரன். காலையில் மல்லிகைப் பூ மூட்டைகளோடு பஸ்ஸில் வருவதால் அவன் சட்டையில் மத்தியானம் வரைக்கும் பூ வாசம் இருக்கும். வேலையை நன்றாகப் பிடித்துக்கொண்டான். அக்கா அக்கா என்று சுற்றி வருவான். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. இரண்டு பேருமாக எல்லா ஆசிரியருக்கும் தனித்தனி மெயில் திறந்தோம். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு துறையாகப் போய்ச் சொன்னோம். பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு மறுநாளே கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதிவாளர் தன் பாஸ்வேர்டைச் சூப்பிரண்டிடம் கொடுத்துவிட்டார். பதிவாளர் பெயரில் மெயில் பார்ப்பது, அச்சடிப்பது, தபால் கோப்பில் வைப்பது, பதில் போடுவது எல்லாம் சூப்பிரண்டுதான். ஆக, புது சர்வர் வந்தும் பழைய கோப்பு போகவில்லை.

அப்புறம் ஒரு துணைவேந்தர் வந்தார். வடக்கே பெரிய ஊர்களில் வேலை பார்த்த இன்ஜினியரிங்காரர். மெயிலோடு சேர்ந்த காலண்டர் ஒன்று உண்டே, அதைப் போடுங்கள், இனிமேல் எந்தக் கூட்டமும் காலண்டரில் இல்லாமல் நடக்கக் கூடாது என்றார். எனக்குச் சந்தோஷம். போட்டோம். கூட்டத்தின் பெயர், இடம், நேரம், யார் யார் வர வேண்டும் என்று பதிந்தால் போதும், எல்லாருக்கும் அதுவே அழைப்பு அனுப்பும், முந்தின நாள் ஞாபகப்படுத்தும். வெளியூர்க்காரர் என்றால் அவர் மெயிலுக்கும் போகும்.

பயிற்சி வகுப்பில் முதல் கேள்வியே ராகு காலத்தில் யாரும் கூட்டம் பதிய முடியாதபடி இதில் அடைத்து வைக்க முடியுமா என்பதுதான். முடியும் என்றேன். துணைவேந்தர் காதுக்கு அது போய்விட்டது. ராகு காலம், எமகண்டம் எதுவும் பல்கலைக்கழகத்தின் காலண்டரில் வரக் கூடாது, அதைக் காரணம் காட்டி யாரும் கூட்டத்தைத் தள்ளக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அவர் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடுவார். இங்கே இருப்பவர்கள் இருக்கிறபடிதான் இருப்பார்கள்.

சூப்பிரண்டு இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். புது வழி ஒன்றும் இல்லை, பேப்பர் காலத்திலிருந்தே செய்து வந்ததுதான். முக்கியமான கூட்டம் என்றால் அறிவிப்பில் நல்ல நேரத்தைப் போடுவார். அந்த நேரத்துக்கு அவர் மட்டும் கூட்ட அறைக்குப் போவார். கோப்பின் மேல் சந்தனம் குங்குமம் வைப்பார். திறந்து, முதல் தாளைப் புரட்டி, மூடிவிட்டு வருவார். கூட்டம் தொடங்கிவிட்டது. ஆட்கள் உட்காருவது ராகு காலம் கழிந்து சாவகாசமாக. உள்ளூர்க்காரர்களுக்கு உண்மையான நேரத்தைப் போனில் சொல்லிவிடுவார். வெளியூரிலிருந்து வருகிறவரைப் பல்கலைக்கழகத்துக் கார் ஸ்டேஷனில் ஏற்றி, விருந்தினர் விடுதியில் இறக்கி, டிபன் கொடுத்து, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து விடும். வந்தவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷம் இது பிசகியதே இல்லை.

காலண்டர் வந்த பிறகும் அவர் அப்படியே பதிந்தார். அதுவும் பதிவாளரின் பெயரில் நுழைந்து. எனக்குத் தெரிந்தவுடன் போய்ச் சொன்னேன். இப்போது இந்த நேரம் வெளியாட்களுக்கும் நேராகப் போகிறது, அவர்கள் நம்பி வந்துவிடுவார்கள் என்றேன்.

"அவிங்களுக்கெல்லாம் காரு போகுமுங்க அம்மணி" என்றார். "நீங்க மிசினப் பாருங்க. மனுசங்கள நான் பாத்துக்கறனுங்க."

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் நிரந்தரம் வந்தது. கம்ப்யூட்டர் மையத்துக்கு இரண்டு நிரந்தர இடம் அனுமதி ஆனது. ஒன்று எனக்கு, ஒன்று நிலக்கோட்டைக்காரனுக்கு என்றுதான் பேச்சு. ஆனாலும் தேர்வுக் குழு உட்கார்ந்து பேட்டி எடுக்க வேண்டும். குழுவில் வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் குழுவே இல்லை. துணைவேந்தர் சென்னையில் இருந்ததால் பதிவாளர் தலைமை. பேராசிரியருக்குத் தோதான நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பதிவாளர் ஆபீசுக்கு வருவதே பத்தரைக்குத்தான். ஆகவே உட்காருவது பன்னிரண்டுக்கு. காலண்டரில் சூப்பிரண்டு பதிந்தது நல்ல நேரமான ஒன்பதேகால்.

பேராசிரியர் அழைப்பைப் பார்த்து உடனே பதில் போட்டிருக்கிறார். மதுரைக்கு வேறு வேலையாக வருகிறேன், அங்கிருந்து நானே காரில் வந்துவிடுகிறேன், வண்டி அனுப்ப வேண்டாம், மத்தியானம் மதுரையில் இன்னொரு கூட்டம் இருப்பதால் சரியான நேரத்துக்குத் தொடங்கிவிடுங்கள் என்று. அந்த மெயில் வந்தது. அச்சானது. முத்திரை விழுந்தது. தபால் கோப்புக்குள் போய், பதிவாளரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அச்சடித்த சூப்பிரண்டே அதைப் படிக்கவில்லை. கோப்பு இறங்கி வந்த பிறகு படிப்பதுதான் அவர் வழக்கம். கார் வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் போய், யாரும் இறங்காமல் திரும்பி வந்தது.

நானும் அவனும் நேரமே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேட்டிக்கென்று எடுத்த புதுச் சேலை கட்டியிருந்தேன். ஒன்பது மணி சுமாருக்கு ஒரு கார் வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒருவர் இறங்கி, கையில் அழைப்பின் அச்சுத் தாளோடு, விறுவிறு என்று கூட்ட அறைக்குள் போய் உட்கார்ந்தார். பதிவாளர் அறையை எட்டிப் பார்த்தேன், பூட்டிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் சூப்பிரண்டு சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துக் கதவிலேயே நின்றுவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போனார். பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோப்புக்குச் சந்தனம் வைத்தார், புரட்டினார், மூடினார், கும்பிட்டார், வெளியே வந்தார். எங்கள் பக்கம் பார்க்காமல் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பதிவாளருக்குப் போன் போட்டு இப்பவே வரச் சொல்லுங்கள், பத்தரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். பூஜையில் இருப்பார், இப்போது கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பதிவாளர் வழக்கம்போல வந்தார். அப்போது ராகு காலம் பிறந்துவிட்டது. பேராசிரியர் எழுந்து நின்று, தொடங்கலாமா என்று கேட்டது வராந்தா வரைக்கும் கேட்டது. பதிவாளரால் தொடங்க முடியாது. ஏன் முடியாது என்று சொல்லவும் முடியாது, சுற்றறிக்கை இருக்கிறது. இன்னொரு உறுப்பினர் வர வேண்டும் என்றார். அந்த உறுப்பினர் அடுத்த அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சான்றிதழ்களைச் சரிபார்க்கிறார்கள் என்றார். காபி போனது. வடை போனது. மறுபடி காபி போனது. எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையும் அந்தக் கதவுக்குள் இருந்தது, அவர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

பதினொன்றரை போலப் பேராசிரியர் வெளியே வந்துவிட்டார். அழைப்புத் தாளைச் சூப்பிரண்டிடம் நீட்டி, "ஒன்பதேகால்னு போட்டு யார் இதை அனுப்புனது?" என்று கேட்டார்.

"சிஸ்டமுங்க சார்" என்றார் சூப்பிரண்டு. "சில சமயம் அதுவா நேரத்த மாத்திப் போட்டுருதுங்க."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு நடுக்கம் இல்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்வது மாதிரிச் சொன்னார். பேட்டிக்கு வந்தவர்கள் தேர்வாளரிடம் பேசக் கூடாது என்பது விதி. எனக்கு அது தெரியும். இருந்தாலும் எழுந்துவிட்டேன்.

"சிஸ்டம் அதுவா எதையும் போடாது சார். ஆளு போட்டாத்தான் போடும்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நீங்கள் யார் என்றார். அதை நடத்துகிறவள், இன்றைக்கு உங்களிடம் பேட்டிக்கு வந்திருக்கிறவள் என்றேன். அவர் சூப்பிரண்டையும் பார்த்தார், பின்னால் வந்து நின்ற பதிவாளரையும் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரிச் சிரித்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். புரிந்து என்ன செய்ய? அவருக்கு மதுரையில் வேலை இருந்தது. பன்னிரண்டு அடித்ததும் பதிவாளர் கூட்ட அறைக்குள் போய் உட்கார்ந்தார். எதற்கு உட்கார்ந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பேராசிரியர் துணைவேந்தருக்குக் கடுமையாக ஒரு மெயில் எழுதிவிட்டார். துணைவேந்தர் விளக்கம் கேட்டார். காலண்டரில் தொழில்நுட்பப் பிழை என்று பதிவாளர் எழுதினார். துணைவேந்தர் அதை ஏற்றுக்கொண்டார். ராகு காலத்தை நம்பாத மனிதர், இயந்திரத்துக்குப் பேய் பிடிக்கும் என்பதை நம்பிவிட்டார். ஆனால் கோப்பு முடிய வேண்டுமே. பிழைதான் என்று கம்ப்யூட்டர் மையத்திலிருந்து ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. யார் எப்போது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பதிந்தார்கள் என்பது சர்வரில் இருக்கிறது, பதிவாளர் பெயரில் உங்கள் மேஜையிலிருந்து போயிருக்கிறது, அதைத்தான் எழுதித் தருவேன் என்றேன்.

"அப்புடி எழுதுனீங்கன்னா பதிவாளர் பொய் சொன்னாருன்னு ஆகிப்போகுமுங்க. அவரு பாஸ்வேர்ட எங்கிட்டக் குடுத்தாருன்னும் ஆகிப்போகும். அதெல்லாம் எதுக்குங்க அம்மணி? ஒரு வரி. பிழை வந்துச்சு, சரி பண்ணியாச்சு. நீங்க குடுங்க, அடுத்த கமிட்டிக்குத் தேதி வாங்கிர்றனுங்க."

"நான் நடத்துற சிஸ்டத்துல பிழைன்னு நானே எழுதிக் குடுத்தா, அதே கமிட்டி என்னைய எப்புடி எடுக்கும்?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க" என்றார்.

முடியாது என்று வந்துவிட்டேன். ரொம்ப யோசித்தெல்லாம் சொல்லவில்லை. அவர் அம்மணி என்ற விதமே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். என்னடா என்றேன்.

"எழுதிக் குடுத்துட்டேன்க்கா."

"என்னன்னு?"

"பிழைன்னுதான். அவங்க சொன்னபடி." சோற்றைக் கிளறிக்கொண்டே, "ஒங்களுக்கு அகரத்துல காடு கழனி கெடக்கு. எனக்கு என்னக்கா இருக்கு? அடுத்தவுக தோட்டத்துல எங்கம்மா பூ எடுக்குது. நீங்க பிடிவாதம் பிடிச்சா எனக்கும் சேத்துல்ல போகுது" என்றான்.

"அந்தச் சிஸ்டத்துக்குப் பொறுப்பு யாருன்னு எழுதுன?"

அவன் டப்பாவை மூடினான். எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்த குழுவை ஒரு திங்கள்கிழமை வைத்தார்கள். திங்கள்கிழமை ராகு காலம் ஆபீஸ் திறக்கும் முன்பே முடிந்துவிடும், யாருக்கும் சங்கடம் இல்லை. வேறொரு பேராசிரியர் வந்தார். கார் போய்க் கூட்டி வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். பதிவாளர் ஒரே கேள்விதான் கேட்டார். உங்கள் பொறுப்பில் இருந்த காலண்டரில் பெரிய பிழை நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்றார். பிழை நடக்கவில்லை, நீங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருந்தீர்கள், அவர் நல்ல நேரம் பார்த்துப் பதிந்தார் என்றேன். புதிதாக வந்த பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். சரி, போகலாம் என்றார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனுக்கு ஆர்டர் வந்தது. எனக்குத் தகுதியில்லை என்று வந்தது. இன்னொரு இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, காலியாகவே வைத்திருந்தார்கள். அந்த வருஷத்துத் தற்காலிக ஆர்டரையும் நீட்டிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, நீ செத்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றார். வீட்டில் கிடைத்த ஆறுதல் அது.

கடைசி நாள் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தேன். எந்தப் பேக்கப் டேப்பில் எது இருக்கிறது, லைன் போனால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் சொன்னேன். அவன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டான். என் பெயரில் இருந்த மெயிலை இப்பவே அழி என்றேன். இருக்கட்டும்க்கா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். நான் இருக்கும்போதே அழி என்றேன். அழித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றவில்லை.

அடையாள அட்டையைக் கொடுப்பதற்காகப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். சூப்பிரண்டு வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். எழுந்து நின்று கை கூப்பினார்.

"போயிட்டு வாங்க அம்மணி" என்றார்.

"போறேன்" என்றேன்.

வாரேன் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டு ஓரிடத்தை விட்டுக் கிளம்ப மாட்டார்கள், எழவு வீட்டைத் தவிர. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. அவர் முகம் சுருங்கிப் போனது. கூப்பிய கையை இறக்காமல், "வாரேன்னு சொல்லிட்டுப் போங்க அம்மணி" என்றார். இரண்டாவது தடவை சொன்னபோது அந்த அடக்கமான குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உயர்ந்தது.

நான் படி இறங்கி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டேன்.